நான் ஆர்பன் ஆன கதை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று வாலாஜாபாத்தில் என் பெயரில் இரண்டு அரிசி மில் ஓடுகிறது. எந்த ஆபீசர் இங்கிலீஷில் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிவிட்டு வருவேன். டிக்‌ஷனரியைத் தொட்டது கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் கதையிலிருந்தே பிடித்தேன்.

முதலில் பிடித்த சொல் ஆர்பன். உத்திரமேரூரில் ஆறாவது படித்தபோது இங்கிலீஷ் பாடத்தில் ஒரு கதை. வேட்டைக்குப் போன ராஜா, வழியில் நின்ற பையனை யாரென்று கேட்கிறார். "ஐ யாம் ஆன் ஆர்பன், சார்" என்கிறான். உடனே ராஜா அவனைக் குதிரையில் ஏற்றி, அரண்மனைக்குக் கொண்டுபோய், விருந்து வைத்து, பட்டுச்சட்டை போட்டுவிடுகிறார். வாத்தியார் அர்த்தம் சொல்ல மாட்டார். "கதையிலயே கீது, கண்டுபுடிங்கடா" என்பார். வகுப்பே திருதிருவென்று முழித்தது. நான் கண்டுபிடித்துவிட்டேன்: ராஜாவே மயங்குகிற கெட்டிக்காரப் பையன். அநாதை என்று அர்த்தமென எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த வருஷம் காஞ்சிபுரத்து இலவச விடுதி ஒன்றுக்குப் பிள்ளை எடுக்க ஒரு பெரியவர் வந்தார். இருந்தது ஒரே இடம். ஏழைப் பிள்ளைகளையும் எடுப்பார்கள், ஆனால் அப்பா அம்மா இல்லாதவர்களுக்குத்தான் முதலிடம் என்பது வாத்தியாருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அதோடு சரி. பண்ணையில் மாடு மேய்க்க என்னை அனுப்புவதாக நைனா ஒப்புக்கொண்டிருந்தார். என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். அன்று கூலிவேலையை விட்டுவிட்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"ஹூ ஆர் யூ?" என்றார் பெரியவர்.

மற்ற பையன்கள் வெறும் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஐ யாம் ஆன் ஆர்பன், சார்!" என்றேன்.

ஒன்றும் புரியாவிட்டாலும் நைனா பெருமையில் பல் தெரியச் சிரித்துத் தலையாட்டினார். பெரியவர் அவரைக் காட்டி, "இவர் யாரு?" என்றார்.

நைனா வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். "சித்தப்பா, சார். இவருதான் வச்சிக் காப்பாத்துறாரு."



இடம் எனக்கே கிடைத்தது. பிறகு வாத்தியார் நைனாவைத் தனியாக அழைத்துப் போய் வெகுநேரம் பேசினார். எங்கள் ஊரான பெருநகருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, ஆர்பனுக்கு அர்த்தம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாத்தியாரு சொல்லிட்டாருடா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுதிக்கு அவர் முதல்முறை வந்தபோது கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. "நைனா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் வாட்ச்மேனைப் பார்த்துவிட்டு, "சித்தப்பான்னு கூப்டுடா" என்றார் மெல்ல.

"இன்னாத்துக்கு?"

"சொன்னா கேளு. கூப்டு."

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்கு அப்பா என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா ஏன் வல்ல?"

"யாராச்சும் கேட்டா, 'நான் அவனுக்குச் சித்தி'ன்னு அவ சொல்லணும்னேன். சொல்லிச் சொல்லிக் குட்த்தேன். அவ வாய்ல வர மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றே எழுத்து, அதுகூடவா வராது? கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே, லீவில் வரும்போது அம்மாவுக்கு நானே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.