ஞாயிற்றுக்கிழமைத் தூசி

மூடிய ஆலையின் வாசலுக்குப் போனதும் அவர் முதலில் பூட்டைத்தான் முகர்ந்து பார்ப்பார். விரல் படாது, மூக்கு மட்டும் போகும். "பத்து வருஷத் துரு. நல்லா மழை குடிச்சிருக்கு" என்பார், பழக்கடையில் நிற்பவரைப் போல.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே பாஸ்போர்ட் சைஸ் ஸ்டூடியோ. பரு, மச்சம், கருவளையம், சமயத்தில் இரண்டாவது மோவாய் என்று வருகிறவர்களின் முகத்தில் எது உறுத்தினாலும் கம்ப்யூட்டரில் துடைத்துத் தள்ளிவிடுவார். ஒரு கண்டக்டரை அளவுக்கு மீறி அழகாக்கிவிட்டதில், அடையாள அட்டையிலிருப்பது அவர்தான் என்று அலுவலகமே நம்ப மறுத்துவிட்டது.

ஞாயிறு வந்தால் ஆளே வேறு. கூரை பறந்த ஐஸ் தொழிற்சாலை, மரம் முளைத்த அச்சுக்கூடம் என்று காமிராவோடு அலைவார். அங்கே ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். காட்சிக்கு நடுவே பூனை ஒன்று படுத்துக்கொண்டதற்காக ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறார். "தொட்டா பொய்யாயிடும் சார். அதைத் தொட நாம யாரு?"

அவர் மனைவிக்கு இந்தத் தத்துவம் ஏறவே இல்லை. "நம்ம வீட்டு ஒட்டடையை அடிங்கன்னா தோள் வலிக்குது. ஊரான் வீட்டு ஒட்டடைன்னா மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டுப் போறீங்க" என்றபடி பையில் தண்ணீர் பாட்டிலையும் வேர்க்குருப் பவுடர் டப்பாவையும் திணித்து அனுப்புவார்.

போன மாதம் ஒரு பழைய பித்தான் தொழிற்சாலையில் மனுஷர் சொக்கிப்போனார். கூடத்தின் நடுவே ஆளுயர இயந்திரம். அதன்மேல் விரற்கடை கனத்துக்குத் தூசி. கூரை ஓட்டை வழியாகக் காலை ஒன்பதேகாலுக்கு வெயில் சரியாக அதன்மேல் இறங்கும் என்றார் காவலாளி. அன்று பார்த்து மேகம். அடுத்த ஞாயிறு விட்டால் கிடையாது. அதற்கு மறுநாள், திங்கட்கிழமை, கட்டடத்தை இடிக்கிறார்கள்.

"அண்ணே, கடைசி போட்டோ. அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க" என்று காவலாளியின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்தார்.

காவலாளி சொன்ன சொல் தவறாதவர். அடுத்த ஞாயிறு, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே நின்றார். கதவைத் திறந்தால் கூடம் பளபளக்கிறது. தரை கழுவியாகிவிட்டது. ஒட்டடை போன இடம் தெரியவில்லை. இயந்திரம் எண்ணெய் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

"எப்படி தம்பி? மூணு நாள் வேலை. கடைசி போட்டோன்னீங்க, அழுக்கு மூஞ்சியோட நிக்க விடலாமா?"

இவர் இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தூசியெல்லாம் எங்கண்ணே?"

"குப்பை வண்டியில ஏத்திவிட்டேன். ஒரு பொட்டு இல்ல, வேணும்னா தேடிப் பாருங்க!"

நிஜமாகவே தேடினார். ஜன்னல் விளிம்பு, கதவிடுக்கு, இயந்திரத்தின் அக்குள். காவலாளி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பின்னாலேயே சிரித்தபடி வந்தார். அந்தச் சிரிப்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர், வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

மணி ஒன்பது பன்னிரண்டு. வெயில் இயந்திரத்தின் காலைத் தொட்டுவிட்டது.

"அண்ணே, வாசல்ல யாரோ கூப்பிடுற மாதிரி இல்ல?"

காவலாளி ஓடினார். இவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பைக்குள் கையை விட்டு வேர்க்குருப் பவுடர் டப்பாவை எடுத்தார். இயந்திரத்தின் மேல் அதைக் கவிழ்த்துப் பிடித்து, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் மெதுவாக, மிக மெதுவாக, அதன் அடியில் தட்டத் தொடங்கினார்.