உள்ளே திரும்பிய இடது கால்

போன வாரம் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பத்து காவான் என்ற ஊரில் அவருடைய குங்ஃபூ பள்ளிக்குப் புதுக் கிளை திறக்கிறார்களாம். படத்தில் மாமா கறுப்புச் சட்டை போட்டு, கைகளை முன்னே நீட்டி, இடது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே தங்க எழுத்தில் 'நிறுவனர்' என்று போட்டிருந்தது. பார்த்தவுடன் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அதே அழைப்பிதழை அம்மா அனுப்பினாள், சிவப்பு இதயங்களோடு. அதையும் அழித்தேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அன்றைக்கு வீட்டில் இருந்த சட்டி பானை எல்லாம் பளபளத்தன.

அந்த இடது பாதம்தான் மாமா பள்ளியின் முத்திரை. மற்றப் பள்ளிகளில் முன்னால் வைக்கும் பாதம் நேராக நிற்கும். மாமாவின் மாணவர்கள் மட்டும் இடது பாதத்தை உள்ளே திருப்பி நிற்பார்கள். அதற்குப் 'புலியின் மறைந்த நகம்' என்று பெயரும் சூட்டி, அதன் மகிமையை யூடியூபில் விளக்கு விளக்கென்று விளக்கியிருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரைக்கும் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் காலைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்தால் எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வருவதில்லை, வயிறுதான் எரிகிறது.

பள்ளி ஆரம்பித்தபோது எனக்குப் பத்து வயது. நாங்கள் ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். மாமா, அம்மாவின் தம்பி. ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட. ஓட்டல் ஒன்றில் காவலாளியாக இருந்தவர், மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டார். சில மாதம் எங்கள் வீட்டு நாற்காலியைத் தேய்த்தார். பிறகு ஒருநாள் அடுக்குமாடியின் கீழே இருந்த பூப்பந்துத் திடலில் 'குங்ஃபூ வகுப்பு' என்று ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். சேர்ந்த முதல் ஆள் நான். அதுவும் அம்மா பிடித்துத் தள்ளியதால்தான் போனேன்.

குங்ஃபூ பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வயதுக்கு மதிப்பில்லை. யார் முதலில் சேர்ந்தார்களோ அவர்தான் மூத்தவர். பின்னால் வருகிறவர் பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தாலும், முன்னால் வந்த சிறுமியை 'சிஜே', அதாவது அக்கா, என்றுதான் அழைக்க வேண்டும். மாமா இதைச் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அண்ணன் என்னை எலி என்று கூப்பிடுவான். கீழே திடலில், மீசை வைத்த ஒரு லோரி டிரைவர் என் முன்னால் வந்து நின்று, "சிஜே, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?" என்று அனுமதி கேட்பார். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "சீக்கிரம் வாங்க" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபேக்டரியில் ஓய்வு. மத்தியானம் மாமா ரொட்டி சானாய் பொட்டலத்தோடு வருவார். "நீங்க ரெண்டு பேரும் கீழ போய்ச் சாப்பிடுங்க லா. நானும் அம்மாவும் அலமாரிய நவுத்தணும்" என்று எங்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அப்பா அந்த நேரம் பார்த்துக் கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டுக்குள் தொம் தொம் என்று சத்தம் கேட்கும். கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். வாராவாரம் அலமாரியை நகர்த்தினார்கள். அலமாரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியவர்களுக்கு எதிலும் திருப்தி வராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கதவுக்குப் பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"பொம்பள பேரு போட்டா ஆளு வராதுக்கா. என் பேரே இருக்கட்டும். உனக்கு என்ன, வீட்டுக்காரரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அம்மா வெகுநாளாக ஓர் இட்லிக் கடை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்குத்தான் பெயர் தேடுகிறார்கள் என்று முடிவுகட்டி, போத்தலை எடுக்காமலே இறங்கிப் போனேன். மறுநாள் திங்கட்கிழமை, வகுப்பில் மாமா புதிதாக ஒரு நிலையைச் சொல்லிக்கொடுத்தார். திங்கட்கிழமைகளில்தான் அவருக்குப் புதிதாக ஏதாவது உதிக்கும்.

அம்மா கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பாள். நான் குழந்தையாக இருந்தபோது ஃபேக்டரிப் படியில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்ததாம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தப் பாதம் எப்போதும் உள்பக்கம் பார்த்தே இருக்கும். பள்ளி விழாக்களுக்கு அம்மா வந்தால், என் தோழிகள் கவனிக்காதபடி அவளுக்கு இடப்பக்கமாக ஒட்டி நடப்பேன்.

மாமாவின் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடத்துக்குள் திடலில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் சேர்ந்தார்கள். டயர் கடை வைத்திருந்த ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, தன் மகனைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரே சிங்க நடனத்துக்குச் சிங்கமும் மத்தளமும் வாங்கிக் கொடுத்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியையும் பேசி முடித்துக் கொடுத்தார். கீழே நாசி கண்டார் கடை. குதிரை நிலையில் தொடை நடுங்க நின்றுகொண்டிருக்கும்போது மீன்தலைக் கறியின் வாசம் ஏறி வந்து எங்களைச் சோதிக்கும்.

அந்த மாடியின் திறப்பு விழாவுக்கு மாமா தன் 'சீஃபு'வை, அதாவது குருவை, அழைத்துவரப் போவதாகச் சொன்னார். ஆயர் ஈத்தாமில் இருந்த சீனக் கிழவர், எலும்பு முறிவு வைத்தியர். விழாவில் பள்ளியின் மூத்த மாணவர் மண்டியிட்டு அவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். அவர் அதைக் குடித்தால்தான் பள்ளி பள்ளியாகும்.

"டீ நீதான் குடுக்கணும், சிஜே. சிந்தாம பழகிக்கோ" என்றார் மாமா. நான் வீட்டில் டம்ளரில் தண்ணீரை நிரப்பி மண்டியிட்டு மண்டியிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். அண்ணனைக் கிழவராக உட்காரவைத்தேன். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு என் தலையில் கொட்டு வைத்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன். என் பிறந்தநாளுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

விழா நாளில் மாடி முழுக்க சனம். தவுக்கேயின் நண்பர்கள், எங்கள் சொந்தக்காரர்கள், படம் பிடிக்க ஒருவர். கிழவர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் நாங்கள் எல்லாரும் வரிசையாக நின்று நிலைகளைச் செய்து காட்டினோம். எத்தனை இடது பாதங்கள், அத்தனையும் ஒன்றுபோல் உள்ளே திரும்பின. கிழவர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு எங்கள் கால்களை விட்டுவிட்டுக் கூட்டத்தில் யாரையோ தேட ஆரம்பித்தார்.

மாமா மைக்கைப் பிடித்தார். "இவர் எனக்கு அப்பா மாதிரி. சின்ன வயசுலேர்ந்து இவர் காலடியில கத்துக்கிட்ட வித்தைதான் இது" என்று தழுதழுத்தார். கைதட்டல். நான் தேநீர்த் தட்டை எடுக்கப் போனேன். தட்டு ஏற்கெனவே டயர் கடைத் தவுக்கேயின் மகன் கையில் இருந்தது. போன பள்ளி விடுமுறையில் சேர்ந்தவன்! என்னை சிஜே என்று கூப்பிட வேண்டியவன்! ஒழுங்காகக் குத்துக்கூட விடத் தெரியாதவன்!

"நான்தான் ஃபர்ஸ்ட்! மாமா, நான்தானே ஃபர்ஸ்ட்?" என்று கத்தினேன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்க ஓர் அடி வைத்தேன். பின்னாலிருந்து அம்மா என் மணிக்கட்டை இரண்டு விரல்களால் பிடித்தாள். வலிக்கவில்லை, ஆனால் அதற்கு மேல் என்னால் ஓர் இம்மி அசைய முடியவில்லை. ஃபேக்டரியில் பொடிப்பொடிச் சாமான்களைப் பொறுக்கிப் பொறுக்கி அம்மாவுக்கு விரல் இறுகிப்போய்விட்டது என்று நினைத்தேன்.

பையன் மண்டியிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். கிழவர் வாங்கினார். குடிக்கவில்லை. எழுந்தார். படம் பிடிப்பவரைத் தாண்டி, மாமாவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். இந்த மாடியில் ஒரு மனிதருக்காவது நியாயம் தெரிந்திருக்கிறது என்று எண்ணிக் கைகளை நீட்டினேன். அவர் கிண்ணத்தை என் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அம்மாவின் கையில் வைத்தார்.

"நீ கொடு" என்றார், உடைந்த மலாயில்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஒரு கணம் மாமாவைப் பார்த்தாள். அவர் மைக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் மணிக்கட்டை விட்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கோணல் காலோடு மண்டியிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கிழவர் வாங்கி மடமடவென்று முழுவதையும் குடித்தார்.

கூட்டம் விழித்தது. மாமாவா விழிப்பார்? "பெரியவங்கன்னா எங்க அக்காவுக்கு எப்பவுமே ரொம்ப மரியாதை" என்று மைக்கில் சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். அம்மா எழுந்து, எதுவும் நடக்காததுபோல் விருந்தாளிகளுக்கு மீஹூன் தட்டுகளை எடுத்துக் கொடுக்கப் போனாள்.

கிழவர் இறந்தபோது எனக்கு இருபது வயது. அவர் வீட்டுக்கு அம்மாவோடு நான் போயிருந்தேன். மாமாவுக்கு அன்று வேலை இருந்தது. கிழவரின் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டிக்கு அருகே, குடும்பத்தார் வரிசையில் நிறுத்தினார். பிறகு என்னை வெளியே அழைத்து மலாயில் எல்லாம் சொன்னார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தன் அப்பாவின் முதுகுக்குத் தைலம் வாங்க வந்த சிறுமி, அதாவது என் அம்மா, பின்கட்டில் கிழவர் பயிற்சி செய்வதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாளாம். அவர் அதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை. முதல் மாணவியும் அவள்தான், கடைசி மாணவியும் அவள்தான். கல்யாணம் பேசும்போது, கையையும் காலையும் வீசுகிற பெண் வேண்டாம் என்று என் அப்பா வீட்டில் சொன்னார்களாம். அத்தோடு அம்மா அந்தப் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. கணுக்கால் முறிந்தபோதுகூடப் போகவில்லை.

"எங்கப்பாகிட்ட வந்திருந்தா அந்தக் கால் நேரா கூடியிருக்கும்" என்றார் அந்த அம்மாள். "அக்கா பள்ளி திறக்கிறாங்கன்னு உன் மாமா சொல்லித்தான் எங்கப்பா அன்னிக்கு வந்தார்" என்றும் சொன்னார். அக்கா என்று அவர் சொன்னது என் அம்மாவை. சொந்த அக்காவின் உடைந்த கணுக்காலைப் பார்த்துப் பாடம் படித்து, அதற்குப் புலியின் நகம் என்று பெயர் வைத்த மனிதரை நான் என்னவென்று சொல்ல? அம்மாவிடம் கேட்டேன். கத்தினேன். "தம்பிதானே, பொழச்சிட்டுப் போகட்டும் விடு" என்றாள். மாமாமேல் இருக்கிற கோபத்தைவிட அந்த 'விடு'மேல்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் அதிகம்.

ஆனால் திறப்பு விழா நாளில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் இடத்தை முதலில் டயர் கடைப் பையன் பறித்தான், பிறகு என் அம்மாவே பறித்தாள் என்பதுதான். அடுக்குமாடிக்குத் திரும்பினோம். அப்பா காரை நிறுத்தப் போனார். லிஃப்டுக்காக நானும் அம்மாவும் நின்றபோது வெடித்தேன்.

"உனக்குக் குங்ஃபூ தெரியுமா? ஒரு ஸ்டெப்பாச்சும் தெரியுமா? நீ எதுக்கு டீ குடுத்த?"

"எனக்கு என்னம்மா தெரியும்" என்றாள் அம்மா. "அவரு குடுன்னாரு, குடுத்தேன்."

அவள் ஒத்துக்கொண்டதில் எனக்கு வேகம் கூடிவிட்டது. "பாத்துக்கோ, இப்படித்தான் நிக்கணும்" என்று சொல்லி அங்கேயே நின்று காட்டினேன். முட்டியை மடக்கி, கையை நீட்டி, மாமா சொல்லிக்கொடுத்தபடியே இடது பாதத்தை உள்ளே திருப்பினேன். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. அம்மா ஏறவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மூடி, லிஃப்ட் மேலே போய்விட்டது.

அம்மா மெல்லக் குனிந்தாள். என் பாதத்தைத் தொட்டாள்.

"இந்தக் கால நேரா வைம்மா" என்றாள். "இது தப்பு."

என்ன துணிச்சல்! ஒன்றும் தெரியாது என்று இப்போதுதான் தன் வாயால் சொன்னவள், என் மாமாவின் வித்தையில் தப்புக் கண்டுபிடிக்கிறாள். அவள் கையை உதறினேன். அவள் பார்க்கட்டும் என்று, பாதத்தை இன்னும் நன்றாக உள்ளே திருப்பினேன்.