சாயக்குழிக்குப் பக்கத்தில் ஹாஜறா ராத்தாவின் கிணறு

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையிலிருந்து தொலைபேசி வந்தது. "மாமி மௌத்தாகிட்டா. உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொல்லி வாப்பா சென்னார்." பேசியவர் ஹாஜறா ராத்தாவின் தம்பி மகன். சொல்லச் சொன்ன அவரது வாப்பா, ராத்தாவின் தம்பி கபூர். ஒரு காலத்தில் ராத்தாவோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவர். நல்லடக்கம் முடிந்து அவர் என் கையை விடாமல் நின்றபோது, ராத்தாவை அறிந்த உங்களுக்காக இதை எழுத வேண்டும் என்று பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் கல்முனையில் நீர்ப் பரிசோதனை உத்தியோகத்தன். மருதமுனையில் சில கிணறுகளின் தண்ணீர் உவர்க்கிறது, சவர்க்காரம்போல் வழுக்குகிறது என்று முறைப்பாடு வந்தது. மாதிரி எடுக்கப் போனேன். தறியில் சாரம் நெய்துகொண்டிருந்த ராத்தா எழுந்து வந்தார்.

"சேர், முதல் வாளியில வாறது கிணத்துல தேங்கிக் கிடந்த தண்ணி. பத்து வாளி இறைச்சுப்போட்டு எடுங்க. அப்பதான் நிலத்துத் தண்ணி வரும்."

நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டே தெரிந்து வைத்திருந்தார்.

ராத்தாவின் வளவுக்குப் பின்னால் தம்பி கபூரின் சாயப்பட்டறை. கழிவுநீர் திறந்த குழியில் விழுந்து மணலில் இறங்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இரண்டு குழாய்களை இறக்கி, வாராவாரம் நீர் எடுக்கத் தொடங்கினோம். ராத்தாவுக்கு நூல் கொடுத்து வேலை தந்தவரும் அதே கபூர்தான்.

மாரியில் நாட்டு நிலைமை கெட்டது. ஊரடங்கால் சில கிழமைகள் நான் என் ஊரான நிந்தவூரை விட்டு அசைய முடியவில்லை. வழி திறந்து போனபோது, ராத்தா தானே எடுத்த போத்தல்கள் திகதி எழுதி வரிசையாக இருந்தன. ஒன்றை மட்டும் ஒதுக்கியிருந்தார்.

"அது வேணாம் சேர். அண்டைக்கு அவசரத்துல போத்தலக் கழுவாம எடுத்துப்போட்டன்."

பிறகு அதையும் சோதித்துப் பார்த்தேன். தம்பிக்குச் சாதகமாக இருந்தது அந்த ஒரு போத்தல்தான்.

பட்டறைக் கழிவுதான் கிணற்றில் இறங்குகிறது என்ற முடிவை இருவர் முன்னிலையிலும் வாசித்தேன். "நீயே என்ட வயித்துல அடிக்கிறியா?" என்று கபூர் கத்தினார். "உன்ட புள்ளையும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கிது" என்றார் ராத்தா. மறுநாளே நூல் நின்றது. ராத்தா வேறொருவரின் நூலுக்கு, குறைந்த கூலியில் நெய்தார். என்னிடம் ஒருநாளும் குறைப்படவில்லை.

சில மாதங்கள் போயின. குழியோரத்தில் மண் மாதிரி தோண்டியபோது ராத்தாவோடு கபூரையும் கூப்பிட்டேன். தண்ணீர் மட்டம் வரைக்கும் மணல் நீலமாக இருந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். "சாயம் மண்ணோட நிண்டிரும் எண்டுதான் நினைச்சன், ராத்தா." அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கபூரே ஆள் பிடித்து அந்த மணலை அள்ளினார். கழிவுநீருக்குச் சீமெந்துத் தொட்டி கட்டினார். கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தோம். இரண்டு மாரி கழித்தே தண்ணீர் குடிக்கத் தேறியது.

கடைசி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது ராத்தா கேட்டார்: "கபூர்ர பேரும் அதுல இரிக்கா?"

"ஓம் ராத்தா."

"கிணறு சுகமாயிட்டு. இனி அவன்ட பேர் என்னத்துக்கு, சேர்?"

பெயரை வெட்டினேன். பட்டறை என்று மட்டும் நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேரின் பிழைகளை அறிக்கையாக எழுதினேன். தண்ணீர் தேறிய பிறகு ஒருவரின் பெயரையும் அதில் நிற்க விடவில்லை. அது ராத்தா எனக்குத் தந்தது.