முற்றுப்புள்ளி வைத்தவர்

அப்பா கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தவரை மூத்த சகோதரியான எங்கள் மாமியே வளர்த்துப் படிப்பித்தார். அப்பாவின் நினைவு மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதும்படி கேட்டவரும் மாமிதான். கேட்கும்போதே, "அந்த அச்சகத்துக் கதை ஒண்டும் வேண்டாம் பிள்ளை. தம்பி வேதத்துக்கு மாறினவன் எண்டு கதைச்ச சனம் இப்பவும் இருக்குது," என்றார். வேதம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கிறிஸ்தவம்.

மாமி சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அப்பா முப்பத்தொரு வருடம் அந்த அச்சகத்தில்தான் வேலை செய்தார். அதை விட்டால் பிறந்தார், மணம் முடித்தார், மறைந்தார் என்று மூன்று வரிதான் மிஞ்சுகிறது. என் மகள் தூங்கும் நேரங்களில் அப்படியும் எழுதிப் பார்த்தேன். அவள் எழும்பியதும் கிழித்துப் போட்டேன்.

இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த அப்பாவுக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் நடத்திய அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. அந்தக் குருவானவரை எல்லோரும் சுவாமி என்றே அழைப்பார்கள். அப்பா நாங்கள் குடியிருந்த வெள்ளவத்தையில் திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறுவார். நாள் முழுவதும் செபப் புத்தகங்களையும் சுவாமியின் பிரசங்கங்களையும் திருத்துவார். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸால் இறங்கி நேரே கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

மிஞ்சிய அச்சுப்படிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வாய்விட்டு வாசிப்பது அவர் வழக்கம். "கமா", "முற்றுப்புள்ளி" என்று குறிகளையும் சேர்த்தே வாசிப்பார். எங்கள் தொடர்மாடியின் மெல்லிய சுவருக்கு அப்பால் இருந்தவர்களின் காதில் விழுந்ததெல்லாம் மாலைதோறும் அப்பா சொன்ன வேதக்காரரின் செபம். கதை அப்படித்தான் பரவியது. எனக்கு வந்த முதல் சம்பந்தமும் அதனால் நின்றுபோனது.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி கொதித்துப் போனார்.

"உன்ர பாதிரித் தமிழாலதான் பிள்ளையின்ர சம்பந்தம் குழம்பினது."

"அக்கா, நீங்கள் எனக்கு எழுதுற கடிதத்தில முற்றுப்புள்ளி வைக்கிறனீங்களோ?"

"வைக்கிறன். அதுக்கென்ன?"

"அது பாதிரிமார் கொண்டுவந்தது. ஏட்டில எங்க இருந்தது? பிடிக்காட்டி இனி வையாதேங்கோ."

அதன்பின் சில மாதங்கள் மாமியின் கடிதங்களில் முற்றுப்புள்ளியே இருக்கவில்லை.

அப்பா இதை விளையாட்டாகச் சொன்னாலும் அவருக்கு அதில் ஒரு தெளிவான கருத்து இருந்தது. பாதிரிமார் மதம் பரப்பப் புத்தகம் அச்சடித்தார்கள்; அவர்களுக்கு மறுப்பு எழுதச் சைவர்களும் அச்சுக்கூடம் வைத்தார்கள்; இரு பகுதியாரும் வாதாடிய வேகத்தில்தான் எங்கள் வசனத் தமிழ் வளர்ந்தது என்பார். அப்படியென்றால் அவர்கள் செய்தது நன்மைதானே என்று ஒருமுறை கேட்டேன். "பாதிரிமாரின்ர பள்ளிக்கூடத்தில சேரப் பேரை மாத்தினவையும் இருக்கினம் பிள்ளை. அதையும் மறக்கக் கூடாது," என்றார்.

கடைசி எட்டு மாதங்கள் அப்பாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பத்திரிகை வாசிப்பேன். "கமாவில நிக்காமல் ஓடுறாய். ஆர் துரத்துறது?" என்று கேட்பார். இன்னும் நிதானமாக வாசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். அப்பாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் அது ஒட்டப்பட்டிருந்தது. வத்தளையில் ஓய்விலிருந்த சுவாமி ஓட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளை அங்கியைக் கண்டதும் உறவினர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவாமி உள்ளே வரவில்லை. அறிவித்தலின் முன் நின்று வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, 'அறிய தருகின்றோம்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு சிறிய 'த்' போட்டார்.

"மன்னிக்கவேணும் பிள்ளை. இந்தப் பிழையோட அவரை அனுப்பேலாது," என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கேட்காவிட்டால் பிறகு ஒருபோதும் கேட்கமாட்டேன் என்றும் தெரிந்தது. மாமிக்குக் கேட்கும்படியாகவே கேட்டேன்.

"சுவாமி, அப்பா எப்பவாவது மாற நினைச்சவரோ?"

"நான் ஒருக்கா கேட்டனான். 'ஒரு பிழையும் இல்லாமல் ஒரு பிரசங்கம் எழுதித் தாங்கோ சுவாமி, பிறகு யோசிப்பம்' எண்டவர்."

"பிறகு?"

"முப்பத்தொரு வருசம் எழுதினனான். ஒண்டும் சரிவரேல்லை."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "சுவாமிக்குக் கதிரை குடு பிள்ளை," என்றபோதுதான் சிரித்திருக்கிறார் என்று விளங்கியது.

அப்படியிருந்தும் இதை மாமியிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடியே போடு," என்றார் மாமி. "முற்றுப்புள்ளியெல்லாம் ஒழுங்கா வைச்சனியோ?"

அப்பாவின் கிரியைகளைக் குறைவின்றி நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், தள்ளாத வயதில் வந்த சுவாமிக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்து மகளையும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த எல்லோருக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி கூறுகிறேன்.

இதைத் திருத்திப் பார்க்க அப்பா இல்லை. நான்கு தடவை வாசித்துவிட்டேன். இன்னும் நம்பிக்கை வரவில்லை. எங்கேனும் ஒற்று விடுபட்டிருந்தால், தயவுசெய்து உங்கள் பேனாவால் போட்டுவிடுங்கள்.