இரட்டை வேகத்தில் என் அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை காலை. டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டு பால்கனியில் டீயோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, சாந்தா அத்தை மெசேஜ் ஏன் வரல? டென் டேஸ் ஆச்சு" என்று வந்து நின்றாள் தாரிணி. என் மகள். பதினொன்றாம் வகுப்பு. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டெல்லிதான்.

சாந்தா என் அக்கா. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் தவறி ஒரு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம்! குழாயில் தண்ணீர் வரவில்லை, தயிர் புளித்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது... எல்லாம் உண்டு.

நான் கேட்காமல் விட்டதில்லை. ஆனால் எப்படிக் கேட்பேன் தெரியுமா? மெட்ரோவில் ஏறியதும் காதில் மாட்டிக்கொண்டு வேகத்தை இரட்டிப்பாக்கிவிடுவேன். எட்டு நிமிஷம் நாலாகிவிடும். அதிலும் மூன்றாவது நிமிஷத்திலேயே, 'சரி, புதிதாக ஒன்றுமில்லை' என்று முடிவுகட்டி, ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிடுவேன். கடமை முடிந்தது!

என் அவசர புத்தியைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். லிஃப்ட் பொத்தான் எரிந்துகொண்டிருக்கும்போதே அதை இன்னும் நாலு முறை அமுக்குகிற ஆள் நான். சிக்னலில் சிவப்பு மாறுவதற்கு மூன்று விநாடி இருக்கும்போதே ஹாரன் அடிப்பேன். இந்த ஊரில் முப்பது வருஷம் இருந்தால் 'ஜல்தி' ரத்தத்தில் கலந்துவிடும் என்று டெல்லி மேல் பழியைப் போடலாம்தான். ஆனால், சின்ன வயதிலிருந்தே உலை கொதிக்கும்போதே தட்டோடு வந்து உட்காருகிறவன் நான் என்று அக்கா சொல்வாள்.

"அத்தைக்கு ஏதாவது வேலை இருக்கும்மா" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – மெசேஜ் வராததை நானும் கவனித்திருந்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

தாரிணி என் போனை எடுத்து, அக்காவின் கடைசி மெசேஜை ஓடவிட்டாள். சாதாரண வேகத்தில். அவளுக்கு வேறு வழியில்லை. அக்காவின் ஊர்த்தமிழ் நிதானமாக வந்தாலே பாதிதான் புரியும். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அப்பா, அத்தை ஏன் நடுவுல நடுவுல சும்மா இருக்காங்க? நெட்வொர்க் போச்சா?"

வாங்கிக் கேட்டேன்.

"எய்யா, சாப்பிட்டியா?" என்கிறாள் அக்கா. அப்புறம் பேச்சில்லை. பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். நாலைந்து விநாடி கழித்து, "ம்... சரி" என்கிறாள். "அங்க குளிரு ஜாஸ்தியோ?" மறுபடி மௌனம். மறுபடி "சரி."

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள்! பதில் வராது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் காத்திருக்கிறாள். என் மெட்ரோவில் அந்த மௌனமெல்லாம் ஒரு இருமல் அளவுக்குச் சுருங்கிப்போயிருக்கிறது. இரட்டை வேகத்தில் எல்லாருமே கலகலப்பாகத்தான் பேசுகிறார்கள்.

கடைசி நிமிஷத்தை நான் கேட்டதே இல்லை.

"தெனமும் ஒனக்குத் தொந்தரவு குடுக்கேனோன்னு நெனைக்கேன். ஆபீஸ் போற நேரம் வேற... இனிமே போடாம இருந்துக்கிடுதேன். என்னய்யா, சரிதான?"

அதற்குக் கீழே என் பதில். கட்டைவிரல்.

தாரிணி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஏன் மெசேஜ் போடல?"

"நீதான சரின்னு வெரலக் காட்டிட்ட!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பிள்ளைக்கு ஆயிரம் சோலி கெடக்கும்னு நானும் விட்டுட்டேன்."

"நான் முழுசாக் கேக்கலக்கா. பாதியில நிறுத்திட்டேன்."

மறுமுனையில் சத்தமில்லை. வழக்கமாக இருந்தால், "ஹலோ, ஹலோ... கேக்குதா?" என்று கத்தியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சுலபமாக இல்லை. ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று காத்திருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

"அதுக்கென்ன... நீ சின்னப்பிள்ளையிலேருந்தே அப்படித்தான" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "எட்டு நிமிசத்த எவன் கேப்பான்?"

"நான் கேக்கேன். போடுக்கா."

அன்று முழுக்க ஒரு யோசனை. தினம் நாலைந்து நிமிஷம் மிச்சம் பிடித்தேனே, அதையெல்லாம் வைத்து என்ன செய்தேன்? ரீல்ஸ் பார்த்திருக்கிறேன்.

அவசரக்காரர்களைத் திட்ட மனசு வரவில்லை – நானும் அந்தக் கட்சிதானே. எதையோ தவறவிட்டுவிடுவோமோ என்கிற பயத்தில்தான் ஓடுகிறோம், பாவம். கையில் இருப்பது நழுவுவது மட்டும் தெரிவதில்லை.

திங்கட்கிழமை காலை மெட்ரோவில் ஏறினேன். அக்காவின் மெசேஜ் வந்திருந்தது. எட்டே முக்கால் நிமிஷம்! வேகத்தில் கை வைக்கவில்லை. பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவாம். நடுவில் ஓரிடத்தில், "எய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"ஆச்சுக்கா" என்றேன், சத்தமாக.

பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!