கப்பலின் வால்

அன்று எங்கள் குசினியில், அடுப்படியைச் சுற்றி இருந்தவர்கள் அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த சித்தி, பத்து வயதில் நான். இன்னுமொரு ஆள் நீல வாளிக்குள் இருந்தது. அது ஆமை. அதையும் ஆளாக எண்ணலாமா என்று எனக்கு இன்றைக்கும் யோசனைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற எனக்கு, யோசிப்பது மட்டும் நிற்கவில்லை.

மாமா கண்டி றோட்டில் லொறி ஓடுகிறவர். கப்பல்துறைக் கிராமப் பக்கம் வரும்போது, றோட்டைக் கடந்துகொண்டிருந்த இந்த ஆமைக்குட்டி டயருக்கடியில் போய்விடும் என்று இறங்கி எடுத்து, முன் சீற்றில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். உள்ளங்கை அளவு இருக்கும். முதுகு ஓடு முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. எங்களுக்குத் தெரிந்த ஆமையெல்லாம் கடலாமைதான். ஆகவே அப்பா ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல்தண்ணீர் மொண்டு வந்து வாளியில் ஊற்றி, குட்டியை அதற்குள் விட்டு, நறுக்கிய சாளை மீனும் போட்டார். அது நீந்தவில்லை. வாளியின் பக்கத்தைப் பிறாண்டிப் பிறாண்டி ஏறப் பார்த்தது. பழகுகிறது என்றார் அப்பா. எனக்கு அது பழகுவது மாதிரித் தெரியவில்லை. ஆனால் படகில் வேலை செய்கிறவரிடம் தண்ணீரைப் பற்றி என்ன சொல்வது?

சித்தி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த நிமிடம் கையை விட்டுத் தூக்கிவிட்டார்.

"அத்தான், இது தரையில திரியிறது. உப்புத் தண்ணிக்க விட்டால் சாகும். எங்கட வயல் வரம்பில கண்டதில்லையோ?"

அப்பா வாளியைப் பார்த்தபடி சொன்னார்: "நீந்தத் தெரியாத ஆமையும் இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

சித்தி ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். வெயிலும் நிழலும் விழுகிற இடம் வேண்டும். தண்ணீர் குடிக்கத் தட்டையான தட்டு போதும். புல், கீரை, செவ்வரத்தம் பூ கொடுக்கலாம். மீனும் சோறும் கூடாது. ஓடு உறுதிப்படக் கணவாய் ஓட்டைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் அப்பாவின் முகம் தெளிந்தது. கணவாய் ஓடு கடற்கரையில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கும்.

அம்மா அதுவரை அலுமாரியோடு சாய்ந்து நின்றார். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் நொடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: கடுவனா, பெட்டையா?

குட்டியில் சொல்ல ஏலாது என்றார் சித்தி. ஆறேழு வருடம் போக வேண்டும். கடுவன் என்றால் வால் நீண்டு தடிக்கும், வயிற்று ஓடு குழிந்திருக்கும். பெட்டை என்றால் வால் கட்டை, வயிறு தட்டை.

"பெட்டை எண்டால் முட்டை போட்டு வீடு முழுக்க ஆமையாப் போகும்," என்றார் அம்மா. "பெட்டையெண்டு தெரியிற அண்டைக்கே கப்பல்துறைக் காட்டில கொண்டுபோய் விடவேணும். இப்பவே சொல்லிப்போட்டன்."

"இது கடுவன்தான் அக்கா. ஐந்நூறு ரூபாய் பந்தயம். பெட்டையெண்டால் நான் தாறன்," என்றார் மாமா.

"காசை எடுத்து வை," என்றார் அம்மா.

இப்படித்தான் கப்பல் எங்கள் வீட்டில் தங்கியது. கடுவனா பெட்டையா என்று தெரியாமல் வேறு என்ன பெயர் வைப்பது? கப்பல்துறையில் கிடைத்தது, அதனால் கப்பல்.

அதற்குப் பிறகு என் நிம்மதியெல்லாம் ஒரு வாலில் தொங்கியது. முருங்கையிலை தின்றால் தலைமயிர் வளரும் என்றார்கள். வாலும் வளராதா என்று அதையும் கொடுத்துப் பார்த்தேன். அம்மன் கோயிலில் வாலுக்காக நேர்த்தி வைத்தேன். இப்படி ஒரு நேர்த்தியை அந்த அம்மன் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டாள். குழாய் உடைந்தாலும், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், அம்மா கப்பலைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று நான் அம்மாவைப் பார்ப்பேன்.

கப்பல் பெருத்தது. கைக்குள் அடங்கியது, பொரிக்கிற தாச்சி அளவாயிற்று. வால் மட்டும் வளரவில்லை. ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்தேன். வயிறு சப்பாத்திப் பலகை மாதிரித் தட்டை. அவசரமாக நிமிர்த்திவிட்டு, அதன்பின் நான் புரட்டவேயில்லை. மாமா வரும்போதெல்லாம், "வால் எப்பிடி?" என்று கேட்பார். "வளருது மாமா," என்பேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

எனக்கு இருபது வயது தாண்டி, நான் தையல் கடைக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில்தான், இந்தச் சாதி ஆமையை வீட்டில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று துணி தைக்க வந்த ஒருவர் சொன்னார். ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். பொலிஸ் வரும், அப்பாவின் வேலை போகும் என்று நானாகவே சேர்த்தும் சொன்னேன். அம்மா ஒரு பனையோலைக் கடகத்தில் செவ்வரத்தம் பூவைப் பரப்பிக் கப்பலை வைத்தார். இருவரும் ஓட்டோவில் வனசீவராசி அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கிருந்த அதிகாரி எங்களைப் பிடித்து அடைக்கவில்லை. ஓடு நல்ல உறுதி, நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றார். எடுத்த இடத்திலேயே, கப்பல்துறைப் பற்றைக்காட்டில், விட்டுவிடுவதாகச் சொன்னார். பிறகு புரட்டிப் பார்த்து, "பெட்டை," என்றார்.

நான் சட்டென்று அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன். "அம்மா, பெட்டையெண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"கிழமைக்கு ஒருக்கா இளஞ்சுடு தண்ணியில கழுவினது ஆர்? நாலைஞ்சு வருசமாத் தெரியும்." வெறும் கடகத்தை மடியில் வைத்திருந்தார். "நீ புரட்டிப் பார்த்திட்டு ஓடினதும் தெரியும்."

தேங்காய் விலையில் பத்து ரூபாய் கூடினாலும் திரும்பி நடக்கிறவர் அம்மா. வென்ற பந்தயத்துக்கு அத்தனை வருடம் அவர் ஏன் காசு கேட்கவில்லை என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை. காசைக் கேட்டிருந்தால், சொன்ன சொல்லுக்குக் கப்பலையும் அனுப்பியிருக்க வேண்டும் என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று பின்னேரமே அம்மா மாமாவுக்குப் போன் எடுத்துக் காசைக் கேட்டார். பெட்டையென்று எழுத்தில் தந்தார்களோ என்று மாமா கேட்டாராம். அதற்குப் பிறகு மாமா எத்தனையோ தரம் வந்து போய்விட்டார். வரும்போதெல்லாம் அம்மா தேநீரை வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டுவார். மாமா அந்தக் கையில் ஒரு செவ்வரத்தம் பூவை வைப்பார்.

ஐந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.