பச்சை ஆப்பிள்

எங்கள் வீட்டுக்குள் ஆப்பிள் வந்தது அம்மா படுத்த பிறகுதான். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரியில் டயாலிசிஸ். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஆப்பிள் மட்டும் கொஞ்சம் தின்னலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளோடு வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அம்மா ஒரு துண்டாவது தின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு மனசு கேட்காது. மிச்சமெல்லாம் எனக்கும் அக்காவுக்கும். அம்மாவின் நோயில் எங்களுக்கு அப்படி ஒரு லாபம் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாவு மாவாக இருக்கும் சிவப்பு ஆப்பிள் என்னை ஒன்றும் செய்ததில்லை. ஒருநாள் கோட்டக்குப்பத்து உப்பு வியாபாரி ஒருவர் பச்சை ஆப்பிள் வாங்கி வந்தார். இரண்டு கடி கடித்ததும் எனக்கு நாக்கும் தொண்டையும் அரித்தன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அதே பழத்தின் மறுபாதியைத் தின்ற அக்கா இன்னொன்று கேட்டாள்.

எங்களுக்குச் சமைத்துப் போட வந்திருந்த பெரியம்மா நம்பவில்லை. "நேத்து செவப்பு ஆப்பிள முழுசா துன்னியே, அப்ப அரிக்கலியா? ஆத்தாக்காரி படுத்துக் கெடக்கறா, இவளுக்கும் சீக்கு வேணுமாம்" என்றாள். வியாபாரியின் முகம் சுருங்கிவிட்டது. நான் அழுதேன். அரிப்பைவிடப் பொய்க்காரி ஆனதுதான் தாங்கவில்லை.

அம்மா படுத்தபடியே, "அவ பொய் சொல்லலக்கா. தோல சீவி வேக வச்சுக் குடு, அரிக்காது" என்றாள்.

அரிக்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. அடுத்த உப்பு சீசனுக்கு அம்மா இல்லை.

போன மாதம் அலர்ஜி டாக்டர் சொன்னார்: ஒருவருக்கு எந்த ஆப்பிளும் ஆகாது, இன்னொருவருக்கு ஒரு ரகம் மட்டும் ஆகாது. "வீட்ல வேற யாருக்காவது இருக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

சிவப்போ பச்சையோ, ஆப்பிள் தின்றதும் அம்மா அடிநாக்கைத் தொண்டையில் தேய்த்து 'க்ர்க், க்ர்க்' என்று சத்தம் எழுப்புவாள். தவளை வந்துவிட்டது என்று நானும் அக்காவும் கூடவே கத்துவோம். அம்மாவும் சிரிப்பாள். சிரித்தபடியே, வந்தவர் நீட்டும் அடுத்த துண்டை வாங்கிக்கொள்வாள்.